மூன்றாவது வரிசைக்குப் போகாத சமாதானம்

முதலில் தப்பு செய்தவன் அருமைநாயகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எங்கள் ஊர்க் கோயிலில் கோயில் குட்டி. வயது அறுபத்தெட்டு ஆனாலும் அந்த வேலைக்குப் பெயர் அதுதான். மணி அடிக்க வேண்டும், பெருக்க வேண்டும், குருவானவரின் அங்கியை மடித்து வைக்க வேண்டும்.

பெரிய வெள்ளி ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள்; ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர்த்தெழும் வரை எங்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் நான் அடித்துவிட்டேன். தினமும் பகல் பன்னிரண்டுக்கு அடிக்கிற கை. தானாகக் கயிற்றை இழுத்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

சபை முழுக்க வெள்ளை உடுத்தி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அருமைநாயகம் வேதபாடம் வாசிக்க மைக் முன்னால் நின்றான். வாசிக்க வேண்டியதுதானே? திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஏ மாசிலாமணி, என்ன அவசரம்? ஆண்டவர் வெள்ளிக்கிழமையே எழுந்துட்டாரா?"

பெரிய வெள்ளியன்று சிரித்த சபை உலகத்தில் எங்கள் சபை ஒன்றாகத்தான் இருக்கும். அன்றைய குருவானவரும் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் வெள்ளிக்கிழமைத் தாத்தா. என் மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "அந்த மணி அடிச்சவர் நீங்கதானா?" என்று கைகொடுத்தார். அருமைநாயகம் இதுவரை ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை.

என் கையில் ஒன்றே ஒன்று இருந்தது.

நற்கருணைக்கு முன்னால் எங்கள் சபையில் சமாதானம் கொடுப்பது வழக்கம். குருவானவர் இரண்டு கையாலும் நம் கையைப் பிடித்துக் கொடுப்பார். அதைப் பெண்கள் பக்கத்துக்கு மூப்பர் கொண்டுபோவார், ஆண்கள் பக்கத்துக்கு நான். ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆளிடம் கொடுத்தால், அது கைக்குக் கை சுவர் வரைக்கும் போகும்.

மூன்றாவது வரிசையில் முதல் ஆள் அருமைநாயகம்.

நான் இரண்டாவது வரிசையிலிருந்து நேரே நாலாவது வரிசைக்குப் போய்விடுவேன். ஒன்பது வருஷம் அப்படித்தான். மூன்று குருவானவர்கள் வந்து போனார்கள். எல்லாரும் அந்த நேரத்தில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவதாக வந்த ஜெபசிங் குருவானவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார் என்பதால் அவரை எனக்குப் பிடிக்கும். என் மகனைவிடச் சின்னவர்தான். ஆனாலும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை அங்கியை மடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, மன்னிப்பே கேக்காதவனுக்கு நாம சமாதானம் கொடுக்கணுமா?"

"யாருக்கு அண்ணாச்சி இந்தச் சந்தேகம்?"

"பக்கத்து ஊர்ல ஒரு கோயில் குட்டிக்கு."

"அங்கேயும் மூணாவது வரிசையிலதான் பிரச்சனையா?"

எனக்குக் காது சுட்டது. மடித்த அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"முதல்ல தப்பு செஞ்சது அவன் ஐயா."

"சரி. நாளைக்குப் பதில் சொல்லுதேன்."

மறுநாள் பிரசங்கத்தில் சொல்வார் என்று காது கொடுத்துக் கேட்டேன். வேதத்தில் வருகிற கானா ஊர்க் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். என் விஷயம் ஒன்றும் வரவில்லை.

சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி மூப்பர் கையைப் பிடித்துக் கொடுத்தார். மூப்பர் பெண்கள் பக்கம் போனார். நான் என் இரண்டு கையையும் நீட்டினேன்.

குருவானவர் என்னைத் தாண்டிப் போனார். பீடத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முந்நூறு பேர் பார்க்க, நான் கையை நீட்டியபடி நின்றேன். மறந்திருப்பார் என்று இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவர் திரும்பவில்லை. நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

மூன்றாவது வரிசையில், சுவர் ஓரம், தேவபிச்சைத் தாத்தா. எண்பத்திரண்டு வயது. கண் சரியாகத் தெரியாது. மனைவி போன பிறகு வீட்டில் தனியாக இருக்கிறார். வாரா வாரம் இந்த நேரத்தில் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக் காத்திருப்பார். ஏதோ ஜெபம் என்று நினைத்திருந்தேன். பாட்டு தொடங்கியதும் தன் கையைத் தானே பிடித்துக்கொள்வார்.

ஒன்பது வருஷம். என் கண்ணுக்கு அந்த வரிசையில் அருமைநாயகம் ஒருவன்தான் தெரிந்தான்.

படியேறிக் குருவானவர் பக்கத்தில் போனேன்.

"ஐயா, எனக்குத் தரலியே."

அவர் அங்கியில் மாட்டியிருந்த மைக்கை உள்ளங்கையால் இறுக்கி மூடினார். அதன் பிறகுதான் பேசினார்.

"உங்ககிட்ட இருக்கே அண்ணாச்சி."

"எங்கிட்ட ஏது?"

"மூணாவது வரிசைக்குன்னு வாரா வாரம் கொடுத்தனுப்பினது போய்ச் சேரலியே. ஒன்பது வருஷத்துது. அதை முதல்ல கொடுங்க."

அவருக்கு இதை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

முதல் வரிசையைத் தாண்டினேன். இரண்டாவது வரிசைக்காரர்கள் நீட்டின கையோடு என்னைப் பார்த்தார்கள். அவர்களையும் தாண்டினேன். பதினைந்து அடி தூரம்தான். மணிக்கூண்டு ஏறினதுபோல் மூச்சு வாங்கியது.

அருமைநாயகம் வழக்கம்போல என்னைப் பார்க்காமல் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பின்னால் வேறு யாருக்காவது நீட்டுகிறேனா என்று திரும்பியும் பார்த்தான். பிறகு பிடித்தான். கை சில்லென்று இருந்தது.

இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"ஏ மாசிலாமணி," என்றான் மெதுவாக. "இன்னைக்குக் கிழமையைச் சரியாப் பார்த்துட்டியா?"

கையை உருவிவிடலாம் என்று வந்தது. அதற்குள் அவன் திரும்பி அடுத்தவன் கையைப் பிடித்துவிட்டான். அது கைக்குக் கை நகர்ந்தது. மூன்று பேர், நாலு பேர், சுவர் ஓரம்.

தேவபிச்சைத் தாத்தா திடுக்கிட்டார். காதும் அவருக்கு மந்தம். அதனால் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"யாருப்பா இது? என்ன வேணும்?"

"சமாதானம் தாத்தா," என்றான் பக்கத்தில் இருந்த டிரைவர் ஆபிரகாம்.

"நம்ம வரிசைக்கா?"

"ஆமா தாத்தா."

"மூணாவது வரிசைக்குக் கிடையாதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மணி அடித்த அன்று சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. இந்த முறை யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கோ அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குத்தான் முகத்தை மறைத்துக்கொள்ள இடம் வேண்டியிருந்தது.

தாத்தா ஆபிரகாமின் கையை விடவில்லை. பாட்டு தொடங்கி மூன்றாவது சரணம் வரை வைத்திருந்தார். ஆபிரகாம் ஒரு கையாலேயே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்.

ஆராதனை முடிந்ததும் நான் நேரே குருவானவரின் அறைக்குப் போனேன். அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கொடுத்துட்டேன் ஐயா."

"பார்த்தேன்."

"வாங்கிக்கிட்டு மறுபடியும் கிண்டல் பண்ணுதான்."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். குருவானவர் அங்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. தோள் குலுங்கியது.

"நீங்களுமா ஐயா?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்று தலையை வெளியே எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அந்த விஷயத்துக்கு என்னிடம் மன்னிப்பு கேட்ட முதல் ஆள் அவர்தான். அப்போது அவர் இந்த ஊரிலேயே இல்லை.

"தேவபிச்சைத் தாத்தா விஷயத்துல தப்பு எம்மேலதான் ஐயா. சாயந்திரம் வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லுதேன். ஆனா அருமைநாயகம் விஷயம் வேற. அவன் எனக்கு ஒரு மன்னிப்பு தரணுமா, வேண்டாமா? அது பாக்கிதானே?"

அவர் அங்கியை என் கையில் கொடுத்தார். மடிக்கத் தொடங்கினேன். உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பாக்கிதான் அண்ணாச்சி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஆராதனை முடிஞ்சு பத்து நிமிஷமாச்சு, நீங்க இன்னும் மணி அடிக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. போய்த் தைரியமா அடிங்க."