முதல் தண்ணீர்

வெள்ளைக்காரர் காலத்தில் குன்றவாடி என்றொரு சமஸ்தானம் இருந்தது. ராஜாவின் நான்கு குதிரை சாரட்டு கொஞ்சம் வேகமெடுத்தால் எல்லையைத் தாண்டிவிடும், அவ்வளவு சின்னது. அதன் ராஜா வல்லப பூபதிக்கு ஒருநாள் முழங்கால் வீங்கிக்கொண்டது. தசராவுக்கு அவர் யானை ஏறியாக வேண்டும். அவருக்கோ நாற்காலியில் ஏறவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"கொதியூற்று மலை அடிவாரத்தில் கந்தக வெந்நீர் பொங்குகிறது. பத்து நாள் குளித்தால் சரியாகும்," என்றார் இங்கிலீஷ் டாக்டர்.

சாரட்டு கிளம்பியது. ராஜாவுக்கு எதிரே மெத்தை இருக்கையில் ராயசம் திருமேனிநாதர். ராஜாவின் கடிதங்களை எழுதுவது அவர் உத்தியோகம். ராஜாவைச் சிரிக்க வைப்பது உத்தரவில் இல்லாத உத்தியோகம். தளவாய் சூரப்ப நாயக்கருக்கு வண்டிக்காரன் பக்கத்தில்தான் இடம். மூன்று வருஷமாக வெயிலும் புழுதியும் தின்றுகொண்டு, அந்த மெத்தை இருக்கையையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒற்றைக் குதிரை பூட்டிய பாத்திர வண்டி. சட்டி பானைகளுக்கு நடுவே முத்திருளன். ராஜாவுக்கு வைக்கும் எதையும் முதலில் அவன் ஒரு வாய் தின்று, விஷமில்லை என்று தலையாட்ட வேண்டும். அரண்மனையின் பழைய வழக்கம். அல்வா என்றால் மட்டும் அவனுக்குச் சந்தேகம் தீர நான்கு வாய் ஆகும்.

பாதி வழியில் ராஜா கேட்டார்: "ஓய் ராயசம், அந்தக் குளத்தில் தினமும் முதலில் இறங்குவது யார்?"

"கலெக்டர் ஹார்ட்லி துரை, மகாராஜா. குளம் சர்க்கார் பங்களாவுக்குள் இருக்கிறது; அவருக்கு இடுப்பு வலி."

ராஜாவின் முகம் முழங்காலை விட அதிகமாக வீங்கியது.

"போன வருஷம் மேலச்சேரி ஜமீன்தார் துரைக்குப் பின்னால் குளித்தான். இன்றும் சந்தையில் அவனுக்கு 'ரெண்டாந்தண்ணி' என்றுதான் பேர். நான் முதலில் இறங்க வேண்டும். துரையும் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் பங்களாக் கதவைச் சாத்திவிடுவான், என் கால் போய்விடும்."

"ரெண்டும் எப்படி மகாராஜா ஒன்றாக..."

"அது உம்முடைய பாடு. நடக்கவில்லையென்றால், திரும்பும்போது சாரட்டுக்குப் பின்னால் நடந்து வாரும். இருபத்தெட்டு மைல்."

மேலேயிருந்து தளவாயின் குரல் வந்தது. "இருக்கை காலியாக இருக்கிறதே என்று மகாராஜா வருத்தப்பட வேண்டாம். நான் இருக்கிறேன்."

ராயசத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. தன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பங்களாவில் துரையின் அறைக்குப் போனார். துரை பிரம்பு நாற்காலியில் காலை நீட்டிச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ராஜா ரெண்டாவது. ரூல் அப்படி," என்றார் துரை.

"ரூலைப் பற்றிப் பேச வரவில்லை, துரை. எங்கள் அரண்மனையில் மிகப் பெரியவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர்களுக்கு உள்ளதை முதலில் வேறொருவர் சோதித்துப் பார்ப்பார். இந்த ஊற்று சில நாள் திடீரென்று கொதிக்கிறதாமே. தங்களுக்கு முன்னால் இறங்கிச் சூடு பார்க்க ஓர் ஆள் வைக்கலாமா?"

"யார்? அந்தத் தளவாயா?"

"அவர் தங்கள் அந்தஸ்துக்குக் காணாது. மகாராஜா இறங்கினால்தான் பொருத்தம்."

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ராஜா... எனக்காக?"

"அவரிடம் இதைப் பேசிவிடாதீர்கள். கூச்சப்படுவார்."

துரையின் மீசை இரண்டு பக்கமும் மெல்ல மேலே போனது.

ராயசம் ராஜாவிடம் வந்தார். "துரை சம்மதித்துவிட்டார். குளித்து வந்ததும், 'சூடு சரியாக இருக்கிறது, துரை போகலாம்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

"நான் உத்தரவு கொடுத்தால்தான் இறங்குவானோ?"

"அதுவரை வெளியே காத்திருப்பார், மகாராஜா."

அப்புறம் பத்து நாளும் கண்கொள்ளாக் காட்சி. துரை தோளில் துண்டோடு வாசலில் நிற்பார். ராஜா வெந்த நண்டாகச் சிவந்து வெளியே வருவார். "சூடு சரி, துரை போகலாம்" என்பார். பாவம், நமக்கு எவ்வளவு பணிந்து நடக்கிறார் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் இரக்கத்தோடு தலை வணங்குவார்கள். பத்தாம் நாள் ராஜா படிகளில் துள்ளி ஏறினார்.

ஊர் திரும்பும் வழியில் குதிரை மாற்ற நிறுத்தினார்கள். தளவாய் கீழே குதித்து ஜன்னலில் தலையை நீட்டினார். துரை தன் மனைவியிடம் பெருமை அடித்ததைப் பட்லர் கேட்டிருந்தான். பட்லரிடமிருந்து தளவாய் கறந்துவிட்டார்.

"மகாராஜா, மோசம் போனோம். துரைக்குச் சூடு பார்க்கும் ஆளாக உங்களை இறக்கியிருக்கிறார் ராயசம். முதலில் இறங்குவது பெருமையா? அது வேலைக்காரன் வேலை."

ராஜாவின் கை தடியைத் தேடியது. "என்னைத் துரைக்கு முத்திருளன் ஆக்கினீரா? இறங்கும் கீழே."

ராயசம் ஒரு காலை வெளியே வைத்தார். வைத்தபடியே திரும்பினார். "இறங்குகிறேன். அதற்கு முன் ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போகட்டுமா?"

"யாருக்கு?"

"மேலச்சேரி ஜமீன்தாருக்கு. தளவாய் சொல்வதுபோல் முதலில் இறங்குவது இழிவென்றால், போன வருஷம் அவருக்குத் துரையே அல்லவா சூடு பார்த்திருக்கிறார். மகாராஜா அவரை வாழ்த்த வேண்டாமா?"

"அந்த ரெண்டாந்தண்ணியையா? நானா?" ராஜா மூச்சுவாங்கினார். "முதலில் இறங்கியவன்தான் பெரியவன். எவன் எதற்காக இறக்கினாலும் முதல் முதல்தான்."

"தீர்ப்பு ஆகிவிட்டது," என்று ராயசம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்படியானால் ஒரு குறை, மகாராஜா. தினமும் மூன்று வேளை உங்களுக்கு முன்னால் சாப்பிடும் பெருமை ஒரு முத்திருளனுக்குப் போகிறது. தளவாய் போன்ற பெரிய மனிதர் இருக்கும்போது..."

ராஜா சிரித்த சிரிப்பில் சாரட்டு ஆடியது; புதிதாகப் பூட்டிய குதிரைகள் மிரண்டன. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ராயசத்தின் மடியில் போட்டார்.

"தளவாய், இந்த வேளையிலிருந்து அந்த மரியாதை உமக்கு."

தளவாய் மெத்தை இருக்கையைப் பார்த்தார். "நான் எங்கே உட்கார, மகாராஜா?"

"சுவை பார்ப்பவர் சட்டி பானையோடுதான் வர வேண்டும். வழக்கம்."

தளவாய் பாத்திர வண்டிக்குப் போனார். முத்திருளன் சாரட்டில் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஏறியவன் குனிந்து ஜன்னல் வழியாக மெதுவாகக் கேட்டான்:

"மகாராஜா, அல்வாவுக்கு மட்டும் நானே இருந்துக்கிடட்டுமா?"