செவ்வந்தியின் ஆறு நாற்காலிகள்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் மேட்டில், செவ்வந்தி என்ற முயல் கஞ்சிக்கடை வைத்திருந்தாள். கஞ்சி அருமையாக இருக்கும். ஆனால் கடையில் உட்கார ஓர் இடம் கிடையாது.

"உன் கஞ்சியை நினைத்தால் நாக்கு போகலாம் என்கிறது, முழங்கால் வேண்டாம் என்கிறது" என்றாள் மூட்டுவலிக்காரி கரடியக்கா. "இனிமேல் நான் குரங்கு கடைக்குத்தான் போகப்போகிறேன். அங்கே கஞ்சி வெறும் தண்ணீர். ஆனாலும் உட்காரலாம்."

செவ்வந்தி யோசித்துப் பார்த்தாள். கரடியக்கா போனால் அவள் பின்னாலேயே பாதிக் காடும் போய்விடும். அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.

அன்றே அவள் குரங்கைப் பார்க்கப் போனாள். குரங்கு தன் கடைக்குப் புது நாற்காலிகள் வாங்கிவிட்டு, பழைய ஆறு நாற்காலிகளையும் கொல்லையில் மழைக்கும் வெயிலுக்கும் விட்டிருந்தான்.

"அண்ணா, அந்தப் பழைய நாற்காலிகளைத் தருகிறீர்களா? ஒரு பானைக் கஞ்சி கொண்டுவந்து தருகிறேன்."

"தாராளமாக எடுத்துப் போ, தங்கச்சி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் உட்கார்ந்தவர் எழுந்தால் பாதி நாற்காலியும் கூடவே எழுந்து வரும்" என்று குரங்கு பல்லைக் காட்டினான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. நாற்காலிகள் கறுத்துப் போயிருந்தன. பழைய வண்ணம் செதில் செதிலாக உரிந்தது. கால்களில் கரையான்.

அந்த வழியாக வந்த காட்டுப்பன்றி கிழங்கன், கேட்காமலேயே ஆறையும் முதுகில் சுமந்துகொண்டு வந்து மேட்டில் இறக்கினான். கஞ்சிக்கு நாள்தோறும் கிழங்கு தோண்டித் தருபவனும் அவன்தான்.

மறுநாள் மரங்கொத்தி வந்தான். "கரையான் எல்லாம் எனக்கா?" என்று கேட்டான்.

"எல்லாம் உனக்குத்தான்."

ஒரே பகலில் ஒரு கரையான்கூட மிஞ்சவில்லை. மரங்கொத்தி வயிற்றைத் தடவிக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனான். நன்றி சொல்ல வேண்டியவள் தான்தானே என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள்.

பிறகு பொறுமையான வேலை. ஓட்டைகளைத் தேன்மெழுகால் அடைத்தாள். சொரசொரப்பான பேயத்தி இலைகளால் மரத்தைத் தேய்த்தாள். உரியும் வண்ணத்தின் மேலேயே பூசினால், பழையது உரியும்போது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும் அல்லவா? மரம் வழவழப்பான பிறகே காவிக்கல்லை அரைத்து, பிசின் கலந்து, ஒரு பூச்சுப் பூசினாள். அது நன்றாகக் காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

தையல்சிட்டு ஊசிமணி உறை தைத்துக் கொடுத்தாள். யாரோ காட்டில் விட்டுப்போன கூடாரத்தின் வெள்ளைத் துணி. ஒவ்வோர் உறைக்கும் நான்கு நாடா. நாற்காலியின் நான்கு கால்களிலும் கட்டிக்கொள்ளலாம்.

செந்நிற நாற்காலிகளும் வெள்ளை உறைகளுமாகக் கடை கல்யாண வீடு போல ஆனது. செவ்வந்தி நின்று பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

அன்று மழை. முதலில் வந்தவள் கரடியக்கா.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ரோமம் ஈரமாக இருக்கிறது. காய்ந்ததும் உட்காருங்கள்" என்றாள் செவ்வந்தி.

அடுத்து, கீரி கஞ்சிக் குவளையோடு உட்காரப் போனான்.

"ஐயோ, சிந்திவிடும். குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்."

"குடித்த பிறகு எதற்கு உட்காருவேன்? வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றான் கீரி.

நண்பகலுக்குள் கடை நிறைந்துவிட்டது. எல்லோரும் நின்றார்கள். ஆறு நாற்காலிகளும் காலியாக, அழகாக இருந்தன.

"முன்பு நாற்காலி இல்லாததால் நின்றேன். இப்போது நாற்காலி இருந்தும் நிற்கிறேன்" என்றாள் கரடியக்கா. "குரங்கு கடைக்கு இந்நேரம் போயிருந்தால் ஒரு தூக்கமே போட்டிருப்பேன்." அவள் முழங்காலைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தாள். இரண்டு மூன்று பேர் அவள் பின்னால் நகர்ந்தார்கள்.

வாசலில் கிழங்கன் நின்றிருந்தான். வயிறு வரை சேறு. கிழங்குக் கூடையை நனையாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, தான் மழையிலேயே நின்றுகொண்டான்.

"உள்ளே வாங்களேன், அண்ணா" என்று ஒப்புக்குச் சொன்னாள் செவ்வந்தி.

"வேண்டாம்மா, எல்லாம் அழுக்காகிவிடும். எனக்கு வெளியே நின்று பழக்கம்தான்." அவன் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "நான் தூக்கி வந்த நாற்காலிகளா இவை? நம்பவே முடியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்."

அவன் குரலில் குறையே இல்லை. அதுதான் செவ்வந்தியைச் சுட்டது.

உத்தரத்தில் இருந்த ஊசிமணி கேட்டாள். "செவ்வந்தி, இருபத்து நான்கு நாடா தைத்தேனே, எதற்கு?"

"உறையைக் கழற்றித் துவைக்க."

"அழுக்கே படவிடாவிட்டால் எதைத் துவைப்பாய்?"

செவ்வந்தி மழையில் இறங்கிப் போய், கிழங்கனின் முன்காலைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நடு நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள், அண்ணா" என்றாள்.

கிழங்கன் மெதுவாக, முட்டை மேல் உட்காருபவனைப் போல உட்கார்ந்தான். நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. தாங்கியது. வெள்ளை உறை கறுத்தது.

"நாற்காலி என்பது இப்படித்தான் இருக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான் கிழங்கன். "பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு நாற்காலியில் உட்காருகிறேன்."

கரடியக்கா வாசலிலிருந்து திரும்பினாள். "அந்தச் சேற்றுக்கு முன்னால் என் ஈரம் எந்த மூலைக்கு?" என்று சொல்லி, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். கீரி குவளையோடு உட்கார்ந்தான். கொஞ்சம் சிந்தவும் செய்தான். குரங்கு கடைப் பக்கம் யாரும் போகவில்லை.

மாலையில் செவ்வந்தி ஆறு உறைகளையும் கழற்றி, ஆற்றில் பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்தாள். 'இது கீரி சிந்திய கஞ்சி. இது கரடியக்காவின் ரோமம்.' ஒவ்வொன்றையும் அலசும்போது, வந்தார்களே என்று அவள் மனம் நிறைந்தது.

கிழங்கன் உட்கார்ந்த உறையில் மட்டும் லேசான ஒரு சேற்றுச் சுவடு போகவே இல்லை. காய்ந்ததும், சுவடு இருந்த பக்கத்தையே முன்புறமாக வைத்து அவள் நாடாவைக் கட்டினாள்.

நீதி: துணியில் பட்ட கறையைத் துவைக்கலாம், வந்தவரை நிற்கவைத்த குறையைத் துவைக்க முடியாது.