மருக்கொழுந்து வந்த சம்புடம்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் அருகே வந்து உட்காருங்கள். மறப்போம், மன்னிப்போம் என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம். இது அவர்களுக்கான கதை அல்ல.

வெள்ளாற்றூர் என்றொரு கோட்டை நகரம். அதன் சிறையில் செங்கோடன் என்ற வண்டிக்காரன் இருந்தான். அதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்கு இனாமாக வண்டி ஓட்ட மறுத்தான், அவ்வளவுதான் குற்றம். வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் மற்றவர்களோடு கல்லுடைத்து, தண்டனை முடிந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பான். ஒருநாள் மந்திரி சிறையைப் பார்வையிட வந்தார். "கஞ்சியில தண்ணி மட்டுந்தானுங்க இருக்குது. அரிசியெல்லாம் தலைவர் ஊட்டுக்குப் போயிருதுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். சிறைத் தலைவன் மல்லாண்டான் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். மந்திரியின் குதிரை வாசலைத் தாண்டியதும் செங்கோடனை ஒற்றையறையில் போட்டுப் பூட்டினான்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவின் அடியில் ஒரு தட்டு நுழைகிற சந்து மட்டும் உண்டு. சோறு தள்ளுகிறவன் பேசக் கூடாது; கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே கேட்ட ஒரே மனிதக் குரல் மல்லாண்டானுடையது. பௌர்ணமி தோறும் வந்து, "இந்த மாசமும் உம் பொண்டாட்டி வரலடா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். செங்கோடனின் மனைவி நாச்சாயி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பித்தளைச் சம்புடம் நிறைய வெல்லம் போட்ட கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்து வருவாள். ஒற்றையறைக் கைதியைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. மல்லாண்டானே சம்புடத்தை வாங்கிக்கொள்வான். நாச்சாயி வாசல் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடப்பாள். காலையில் சம்புடம் திரும்பி வரும், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. உள்ளே ஒரு கொத்து மருக்கொழுந்து இருக்கும்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை அவரிடம் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ ஒரு பூவோ போட்டுத்தான் கொடுப்பார்கள். 'சிறையில கிடந்தும் மனுசன் முறையை மறக்கலையே' என்று நாச்சாயி பூரித்துப்போவாள். மருக்கொழுந்தைத் தலையில் செருகிக்கொண்டு ஊர் வரைக்கும் சிரித்த முகமாக நடப்பாள். பாவி மகள், இருட்டறையில் மருக்கொழுந்து எப்படி முளைக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சில வருஷம் கழித்துத் தண்டனை முடிந்து செங்கோடன் வீடு வந்தான். வந்தது உடம்பு மட்டுந்தான். கதவு திறந்தே கிடந்தாலும் யாராவது 'வா' என்று சொல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டான். சாத்தியிருந்தால் கைவைத்துத் திறக்கவே மாட்டான். வளர்ந்துவிட்ட மகள் ஆசையாகக் கிட்டே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். இலை போட்டுப் பரிமாறினால் தொடமாட்டான். கதவைச் சாத்தி, அடியில் தட்டைத் தள்ளி, இரண்டு தட்டுத் தட்டினால்தான் சாப்பிடுவான். தினம் மூன்று வேளையும் நாச்சாயி தன் புருஷனுக்கே சிறைக்காவலாளி ஆனாள்.

ஒருநாள் அவனைப் பேச வைக்கலாம் என்று கேட்டாள்: "ஏனுங்க, அந்த மருக்கொழுந்தை எங்கீங்க பறிச்சீங்க?"

"எந்த மருக்கொழுந்து?" என்றான். "நீதான் ஒருக்காக்கூட வரவேயில்லியே, புள்ள."

நாச்சாயி அன்று அழவில்லை. அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நேரே அரசன் சபைக்குப் போனாள். காவலர்களை விசாரித்ததும் எல்லாம் வெளியே வந்தது; சம்புடம் மாதாமாதம் மல்லாண்டான் வீட்டுக்குப் போய், அவன் மனைவி கையால் தேய்த்துத் திரும்பியதும்கூட. மல்லாண்டானை அதே ஒற்றையறையில் அடைத்த அரசன், சாவியைக் கையில் எடுத்தான். "இவனால் நொந்தவர் ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். எப்போது திறப்பது என்பது அவர் இஷ்டம்" என்றான். மூன்று பேர் கை நீட்டினார்கள்.

நாச்சாயி சொன்னாள்: "எனக்குக் குடுங்க, சாமி. எம் புருசனைப் பொணமாக்கிட்டு, அந்தத் தழையைத் தலையில வெச்சுச் சிரிக்க வெச்சானுங்களே என்னை. அது ஆறாதுங்க."

மல்லாண்டானின் மனைவி திலகவதி சொன்னாள்: "நான் என்ன பாவம் பண்ணுனேன், சாமி? கச்சாயம் கடையில வாங்குனதுன்னு கொண்டாந்து குடுப்பாருங்க, தின்னேன். யாரு சுட்டதுன்னே எனக்குத் தெரியாது. இனி அந்த வாசல்ல நின்னு நோகப்போறவ நான். சாவி எனக்குத்தானுங்க."

செங்கோடன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவனை வெளிய உடுங்க. அந்த அறை எனக்கு வேணுமுங்க. இங்க ஒரே சத்தமா இருக்குது."

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: சாவி யாருக்குச் சேர வேண்டும்?

அரசன் அதை நாச்சாயியிடம் கொடுத்தான். செங்கோடனிடம் கொடுத்தால் அவன் தன்னையே பூட்டிக்கொள்வான். மல்லாண்டானுக்கு அதைவிட வெற்றி வேறில்லை. திலகவதி சொன்னது பொய். கடையில் வாங்கிய பண்டமானால் சம்புடத்தைத் தேய்த்து அனுப்புவானேன்? அதில் மருக்கொழுந்து வைப்பானேன்? பாத்திரத்துக்கு ஓர் உடையவள் உண்டு, அவள் வாசலில் காத்திருக்கிறாள் என்று தெரிந்த கைதான் அந்தக் கொத்தைக் கிள்ளிப் போட்டது. "எப்போது திறப்பாய்?" என்று அரசன் கேட்டான். "இவரு என்னைக்குத் தன் கையால ஒரு கதவைத் தொறந்து வெளிய வர்றாரோ, அன்னைக்குங்க" என்றாள் நாச்சாயி. செங்கோடன் இதுவரை எந்தக் கதவையும் திறக்கவில்லை. பௌர்ணமி தோறும் திலகவதி புருஷனுக்குக் கச்சாயம் சுட்டு எடுத்து வருகிறாள். நாச்சாயி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். காலையில் பாத்திரம் புளி போட்டுத் தேய்த்துத் திரும்பி வருகிறது, உள்ளே ஒரு கொத்து மருக்கொழுந்தோடு. "அவரு சாப்பிட்டாருங்களா?" என்று திலகவதி ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நாச்சாயி சாவியை மடியில் செருகிக்கொண்டு, புருஷனின் கதவை இரண்டு தட்டுத் தட்ட வீட்டுக்கு நடக்கிறாள்.