மலையேறாத தண்ணீர்

வெகு காலத்துக்கு முன்னால், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். ஒரு கோடையில், குன்றின் மேலிருந்த அரண்மனையிலிருந்து கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தவர், "இந்த ஆறு ஏன் என்னிடம் வருவதில்லை?" என்று கேட்டார்.

பள்ளத்தைப் பார்த்துப் போவதுதான் தண்ணீரின் குணம் என்று சொல்லச் சபையில் யாருக்கும் நா எழவில்லை. பேரமைச்சர் பல்லவதரையர் மட்டும் எழுந்து, "வரச் சொன்னால் வரும், மகாராஜா" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் ஏழு துறைத் திட்டம். ஆற்றங்கரையிலிருந்து குன்றின் உச்சிவரை ஏழு இடங்களில் கமலை கட்டுவார்கள். மாடுகள் வடத்தை இழுக்க, தோல் சால் கீழே மொண்டு மேலே கொட்டும். அங்கிருந்து அடுத்த கமலை மொள்ளும். கடைசியில் அரசரின் நந்தவனத்தில் நீரூற்று பொங்கும். இழுப்பதற்கு வீட்டுக்கு ஒரு மாடு என்று ஆணை போயிற்று. சேவகர்கள் வந்து தொழுவத்தில் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஜோடியில் ஒன்றை இழந்தவர்கள், பக்கத்து வீட்டு ஒற்றை மாட்டோடு தங்கள் ஒற்றை மாட்டைச் சேர்த்து ஏர் பூட்டிச் சமாளித்தார்கள்.

ஒரு வருஷம் ஆயிற்று. நந்தவனத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லை. பல்லவதரையர் அடுத்த ஓலையோடு சபைக்கு வந்தார். இழுவை போதவில்லையாம். வீட்டுக்கு இன்னும் ஒரு மாடு வேண்டுமாம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஆணையிலும் முத்திரை விழுவதற்கு முன்னால், இடப்பக்கத்து மரப்பலகையில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்க வேண்டும். "என் கேள்வி தீர்ந்தது" என்று அவர் சொன்ன பிறகே அரக்கு உருக்குவார்கள். அரசரின் பாட்டனார் காலத்தில் அதில் பெரிய படிப்பாளிகள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் உறுத்தவே, பிற்பாடு அந்தப் பலகையைச் சபையைச் சிரிக்க வைக்கும் விகடனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமும் கெடவில்லை, கேட்பவன் விகடன் என்பதால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்போது அந்தப் பலகையில் இருந்தவன் உத்தண்டி.

அன்று காலையில்தான் கோட்டை வாசலில் செவத்தாயி என்ற குடியானவப் பெண் அவனை வழிமறித்திருந்தாள். "அய்யா, எங்க செவலைக் காளை முதல் துறையில இருக்குன்னாக. பாத்துட்டு வரலாம்னு புண்ணாக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்கன காளையுமில்ல, கமலையுமில்ல. ஒரு குழிதான் கெடக்கு. மழை வர்ற நேரம். மிச்சமிருக்கிற ஒண்ணையும் அவுத்துட்டுப் போனா எதைப் பூட்டி உழ? நீங்க கேப்பீயளாமே, கேளுங்கய்யா."

உத்தண்டி எழுந்து கேட்டான். "பேரமைச்சரே, போன வருஷம் வாங்கிய மாடுகள் எங்கே?"

"துறைகளில் இழுத்துக்கொண்டிருக்கின்றன."

"அப்படியானால் தண்ணீர் எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது."

"எங்கே வந்துகொண்டிருக்கிறது?"

"வழியில்."

சபை சிரித்தது. உத்தண்டி சிரிக்கவில்லை. "மேய்ச்சல் காய்ந்து கிடக்கிறது. அத்தனை மாட்டுக்கும் தீவனம் எங்கிருந்து வருகிறது?"

"அதற்குத் தனித் திட்டம் தயாராகிறது."

"மாடு வந்து ஒரு வருஷம் ஆயிற்று. தீவனத்துக்கு இப்போதுதான் திட்டமா?"

"மகாராஜா!" பல்லவதரையர் அரசர் பக்கம் திரும்பினார். "நாட்டில் நல்லது நடப்பதே இவனுக்குப் பொறுக்கவில்லை. நாளையே தாங்கள் ஏழு துறைகளையும் நேரில் பார்வையிட வேண்டும். அயல்நாட்டுத் தூதர்களும் வரட்டும். குறை இருந்தால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பலகையை அடுப்பில் வைத்துவிட்டு இவனை எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்."

அரசருக்கு ஊர்வலம் என்றால் பிரியம். சம்மதித்தார்.

மறுநாள் முதல் துறையில் வாழை மரம் கட்டியிருந்தது. புது மரத்தில் மேடை, அதன்மேல் கமலைச் சட்டம், உருளை, எண்ணெய் மினுங்கும் தோல் சால். கொம்பில் மஞ்சள் பூசி மாலை போட்ட இரண்டு காளைகள் வடத்தை இழுத்தன. தண்ணீர் கொட்டியது. மேளம் முழங்கியது. தூதர்கள் தலையாட்டினார்கள்.

நேற்றுவரை குழியாகக் கிடந்த இடம் இது என்று உத்தண்டிக்குத் தெரியும். ஆனால் இன்று கமலை இருக்கிறது, காளை இருக்கிறது. எதைக் காட்டி நிரூபிப்பது? மற்ற துறைகளுக்கு முன்கூட்டியே ஓடிப் பார்த்தால்தான் உண்டு என்று நினைத்தான். அவன் கண் போன திசையைப் பல்லவதரையரும் பார்த்துவிட்டார். அரசரின் காதருகே குனிந்தார்.

"இவன் நமக்கு முன்னால் ஓடி வேலையாட்களைக் கலைத்துவிடுவான், மகாராஜா. இங்கேயே உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது."

"சரிதான்" என்றார் அரசர். "உத்தண்டி, இந்தக் கமலை மேடையில் உட்கார். நான் பார்வையிட்டு முடிக்கும்வரை இதைவிட்டு நீ இறங்கினால் உன் தலை உன்னுடையதல்ல."

உத்தண்டி மேடையில் ஏறி உட்கார்ந்தான். பல்லக்கு நகர்ந்தது. ஊர் ஊராக ஆரத்தி, கோயில் கோயிலாகப் பிரசாதம் என்று ராஜபாட்டையில் சுற்றிக்கொண்டு போனது. தன் கதை முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். நாட்டைவிட்டுப் போவதுகூடப் பெரிதாகப்படவில்லை. புண்ணாக்கு மூட்டையோடு நின்றவளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

மேளச் சத்தம் தேய்ந்ததும் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய வண்டி வந்தது. கூடவே பத்துப் பதினைந்து ஆட்கள். தலைமையாள் மொக்கையன் ஓடி வந்தான்.

"சாமி, எறங்குங்க. சீக்கிரம்!"

"எதற்கு?"

"மேடையைத் தூக்கணும், சாமி. ஆத்தோரக் குறுக்கு வழியா ரெண்டாந்துறைக்குக் கொண்டுபோயி, ராசா வர்றதுக்குள்ள நட்டு வெக்கணும். காளையும் அதேதான், மாலையும் அதேதான். ஏழு எடம் போவணும். பேச நேரமில்ல."

உத்தண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆணை போடத் தெரிந்த பல்லவதரையருக்குத் தூக்கிச் சுமப்பது பற்றி எதுவும் தெரியாது. ராஜா உட்காரச் சொன்ன அதே மேடையைத்தான் அடுத்த துறைக்கும் தூக்கியாக வேண்டும் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

"நான் இறங்க மாட்டேன். இறங்கினால் தலை போகும் என்பது ராஜாக்கினை."

"அய்யோ சாமி! மேடை போய்ச் சேரலேன்னா எங்க தலை போகுமே!"

"அப்படியானால் ரெண்டு தலையும் தப்பிக்க ஒரே வழி. என்னோடு சேர்த்துத் தூக்கு."

மொக்கையன் வானத்தைப் பார்த்தான். ஆட்களைப் பார்த்தான். "இவரு என்னத்த பெரிய கனம், தூக்குங்கடா!" என்றான்.

அரசர் பிரசாதம் வாங்கிக்கொண்டு இரண்டாம் துறைக்கு வந்து பல்லக்கைவிட்டு இறங்கியபோது, அங்கே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கொம்புக் காளைகள் இழுத்துக்கொண்டிருந்தன. மேடையில் சம்மணமிட்டு உத்தண்டி உட்கார்ந்திருந்தான்.

"உன்னை எங்கே உட்காரச் சொன்னேன்?" அரசரின் குரல் உயர்ந்தது.

"முதல் துறையின் மேடையில், மகாராஜா. அதில்தான் இருக்கிறேன். இறங்கவே இல்லை."

"பொய்!" என்றார் பல்லவதரையர். "குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறான்."

உத்தண்டி இரண்டு பாதங்களையும் நீட்டினான். "சேறு இருக்கிறதா பாருங்கள். நான் நகரவில்லை, பேரமைச்சரே. தங்கள் துறைதான் நகர்ந்தது. தண்ணீர் மலையேறுமோ இல்லையோ, கமலை நன்றாக ஏறுகிறது."

தூதர்களில் ஒருவர் இருமலை அடக்கினார். பல்லவதரையர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, மேடையை இனி அசைக்க வேண்டாம் என்று மொக்கையனுக்குக் கண்ணைக் காட்டினார். அசைத்தால் அதன்மேல் உத்தண்டி வருவான். அசைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவசரத்தில் அவர் நினைக்கவில்லை.

மூன்றாம் துறையில் மேளக்காரர்கள் இருந்தார்கள். வேறொன்றும் இல்லை. பல்லக்கைக் கண்டதும் வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு; வாசித்தார்கள். ஒரு வறண்ட குழியைச் சுற்றி நின்று மங்கள இசை முழங்கினார்கள். குழிக்குள் ஓர் ஆடு படுத்திருந்தது.

அரசர் குழியைப் பார்த்தார். தூதர்கள் அரசரைப் பார்த்தார்கள். ஒன்று, தாம் ஏமாந்ததை அயலார் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது இது முழுக்க விளையாட்டு என்று காட்ட வேண்டும்.

அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே சபையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கப் பல்லவதரையர் சிரித்தார்.

திரும்பிப் போகும் வழியில் அரசர் இரண்டாம் துறையில் பல்லக்கை நிறுத்தினார். "இறங்கு, உத்தண்டி! என் ஆட்சியில் இப்படி ஒரு விகடம் பார்த்ததில்லை!" கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். புது மாட்டு ஓலையை வாங்கி எல்லோரும் பார்க்கக் கிழித்தார். பல்லவதரையரின் பதவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய மாடுகள் போன இடத்தை விசாரிக்க ஒருவர் வேண்டுமே. இந்தத் திட்டத்தை அவரைவிட அறிந்தவர் யார்? அந்தப் பொறுப்பும் அவருக்கே போயிற்று.

உத்தண்டி கைகூப்பினான். "மகாராஜா, எனக்கு மாலை வேண்டாம். கிராமத்து மாடுகள் எங்கே? துறையில் இல்லையென்றால், எல்லையைத் தாண்டி எந்தச் சந்தையில் விலைபோயின? அதைச் சொன்னால் போதும்."

"பார், பார், இன்னும் விடமாட்டேன் என்கிறான்!" அரசருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரிகைச் சால்வை ஒன்றையும் போர்த்தச் சொன்னார்.

கோட்டை வாசலில் செவத்தாயி நின்றிருந்தாள். புது ஆணை கிழிந்த செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. "மிச்ச மாட்டக் காப்பாத்திட்டீயளே அய்யா, நல்லாயிருப்பீய" என்றாள்.

உத்தண்டி மாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இத வச்சு நான் என்ன செய்ய? நொகத்தடியில பூட்டவா?" அவள் கையை நீட்டவில்லை. "எங்க செவலை எங்கன்னு கேட்டீயளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாங்க, ஆத்தா."

 மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழைக்குள் ஏர் பூட்ட வேண்டும். பக்கத்து வீட்டு ஒற்றை மாட்டை வேறு யாரும் கேட்பதற்குள் கேட்டு வைக்க வேண்டும் என்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.