கால் கோப்பை

சிற்றம்பலம் சாமி எல்லாவற்றையும் துறந்தவர், காப்பியைத் தவிர. அதையும் துறக்கலாமே என்று யாராவது கேட்டால், "துறந்துட்டேனே, காலையில குடிச்சதை" என்பார்.

ஆரல்வாய்மொழியில், மலைக்காற்றில் கதவு படபடத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மடம் அவருடையது. வந்து போகிறவர்கள் உண்டு. கூடவே தங்கிய சீடர் தாணுலிங்கம் ஒருவர்தான். குருவைவிடச் சீடர் மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்று, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அதனால் சாமி அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மஸ்கட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் வந்து பேசும்படி சாமியை ஒரு வாரத்துக்கு அழைத்தார்கள். துணைக்குத் தாணுலிங்கமும் போனார். அவருக்கு அங்கே இன்னொரு காரியமும் இருந்தது. ஒரே மகள் பகவதி அந்த ஊரில்தான் இருந்தாள். மருமகனுக்குப் பாலைவனத்துக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பகவதிக்கு இது ஏழாம் மாதம்.

வந்து இறங்கிய அன்றே, அப்பா கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டுவிட்டாள்.

"இங்க என்கூடவே இருந்துருங்கப்பா. விசாவை எல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்க. எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு."

"சாமி சொன்னா இருக்கேன் மக்களே."

"நான் கேட்டது உங்கள்ட்டயாக்கும்."

தாணுலிங்கம் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சாமியிடம் போய் நின்றார்.

"சாமி, நான் இங்க இருக்கவா, மடத்துக்கு வரவா? எனக்க பாடம் முடிஞ்சுதா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமி யோசித்தார்.

"இந்த ஊர்ல காப்பி எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் கடலோரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். கோப்பையில், நுரைமேல் ஓர் இலையை வரைந்து கொண்டுவந்து வைத்தாள் ஒரு பெண். தாணுலிங்கத்துக்கு ஆற்றாமல் காப்பி இறங்காது. டவரா இல்லை. தண்ணீர் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரைக் காலி செய்து, கையை உயர்த்தி, ஊரில் ஆற்றுவதுபோலவே ஆற்றினார். இலை போன இடம் தெரியவில்லை. தன் வேலையில் ஏதோ குறை போலிருக்கிறது என்று அந்தப் பெண் பதறி, வேறொரு காப்பியில் இன்னும் பெரிய இலையாக வரைந்து கொண்டுவந்தாள்.

"சாமி, நேத்துக் கேட்டேனே..."

"இதையாவது ஆத்தாம குடிங்க. பாவம், அந்தப் புள்ளைக்குக் கை வலிக்கும்."

அடுத்த நாள் ஒரு மலையாளி டீக்கடை. கேட்டது காப்பி. வந்தது காப்பியும் இல்லை, டீயும் இல்லை. சாமி அதையும் கண்ணை மூடி ரசித்துக் குடித்தார்.

தாணுலிங்கம் விடவில்லை. "நான் லைன்மேனா இருந்தவன் சாமி. கம்பத்துல ஏறிட்டா, கரண்டை நிறுத்தியாச்சு, லைன் கிளியர்னு கீழ இருந்து குரல் வராம ஒரு நாளும் கம்பியைத் தொட்டதில்ல. அவசரப்பட்டுத் தொட்டவனைத் தூக்கிட்டுத்தான் வந்தோம்."

"நல்ல பழக்கமாச்சே."

"அப்போ நீங்க சொல்லணும்லா?"

"பகவதி கம்பி இல்லையே, அண்ணாச்சி."

தாணுலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. கடைக்காரர் மொய்து அதைப் பார்த்துவிட்டார். கோயம்புத்தூரில் வெகுகாலம் கடை வைத்திருந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். தன் காப்பி பிடிக்காமல்தான் பெரியவர் முகம் வாடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல காப்பி வேணும்னா என்கூட வாங்க" என்று, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அவர்களை மத்ரா கடைவீதிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு சின்னக் காப்பிக் கடையில் சலீம் என்ற ஓமானிப் பெரியவர் நீள மூக்கு வைத்த பித்தளைக் கூஜாவோடு நின்றிருந்தார். முதலில் பேரீச்சம்பழம் வந்தது. பிறகு பிடியில்லாத குட்டிக் கோப்பையில், பாலும் சர்க்கரையும் இல்லாமல், ஏலக்காய் மணக்கும் காப்பி. அதுவும் கால் கோப்பைதான்.

"கோயில்ல தீர்த்தம் விட்ட மாதிரில்லா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே தாணுலிங்கம் குடித்தார். குடித்ததும் சலீம் மறுபடி கால் கோப்பை ஊற்றினார். மனிதர் ஆசையாக ஊற்றும்போது வேண்டாம் என்பது எப்படி? அதையும் குடித்தார். மறுபடி வந்தது. "போதும் ஐயா" என்றார். சலீம் சிரித்த முகத்தோடு ஊற்றினார். உள்ளங்கையால் கோப்பையை மூடினார். கை எப்போது விலகும் என்று சலீம் பொறுமையாகக் காத்திருந்து ஊற்றினார். நம் ஊர்ப் பந்தியில் இலையை மடக்கிவிட்டால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார். கோப்பையை எங்கே மடக்குவது? தாணுலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது.

சாமி பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, எப்போதோ தம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்திருந்தார். இப்போது அவருடைய கவனமெல்லாம் பேரீச்சம்பழத்தில் இருந்தது.

கடைசியில் மொய்துதான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். "கோப்பையை லேசா இப்படி அப்படி ஆட்டிக் குடுக்கணும் அண்ணாச்சி. ஆட்டாத வரைக்கும் அவர் ஊத்திட்டேதான் இருப்பார். விருந்தாளியைப் போதுமான்னு கேக்கக்கூடாதில்ல?"

"அதுக்கு ஒரேயடியா நிறைச்சு ஊத்தப்பிடாதா?"

"ஐயோ, நிறைச்சு ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினா, இரு, போகலாம்னு அர்த்தம்."

திரும்பி வரும்போது தாணுலிங்கம் குறைப்பட்டுக்கொண்டார். "பாத்துக்கிட்டே இருந்தியளே சாமி, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நீங்க குடிச்சிட்டு இருந்தீங்க. நடுவுல நான் யாரு?"

அந்த வாரம் முழுக்க, தினமும் காலையில் சாமி சலீமின் கடைக்கே போனார். தினமும் தாணுலிங்கம் கேட்டார். தினமும் சாமி பேரீச்சம்பழம் தின்றார். பகவதி மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அப்பாவின் வேட்டியைத் துவைத்துப் போட்டாள், அவருக்குப் பிடித்த புளிமிளகாய் அரைத்து வைத்தாள். கேட்டிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

புறப்படும் நாள் வந்தது. சாமியிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வார்த்தை வராததால் தாணுலிங்கம் தம் பையையும் கட்டிவிட்டார். பகவதி வாசல்வரை வந்தாள்.

"போயிட்டு வாங்கப்பா" என்றாள். 'வாங்க' என்று முடிப்பதற்குள் உள்ளே திரும்பிவிட்டாள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சாமி மத்ராவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சலீம் கடையில் இரண்டு பைகளும் மேசைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சலீம் கூஜாவோடு வந்தார். சாமி கையை நீட்டி அதைத் தமக்குத் தரும்படி சைகை காட்டினார். சலீம் வியப்போடு கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

சாமி ஊற்ற ஆரம்பித்தார். தாணுலிங்கம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்தால், மகளிடம் போ என்று அர்த்தம். இத்தனை நாளாக அவர் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் இப்போது, நிறைந்துவிடக்கூடாதே என்றிருந்தது.

கால் கோப்பையோடு கூஜா நிமிர்ந்தது.

குடித்தார். சாமி மறுபடி ஊற்றினார். கால் கோப்பைதான். மேசையில் கொஞ்சம் சிந்தியது.

"நிறைச்சு ஊத்துங்க சாமி."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க மடத்துல இருக்கது எனக்குப் பிடிக்கும் அண்ணாச்சி. கதவு படபடன்னு அடிக்கும்போது ஆணி தேடிட்டு ஒரு ஆள் எந்திரிச்சுப் போவாருல்ல, அது எனக்கு வேணும். உங்களைப் போன்னு சொல்ல எனக்கு வாயும் வராது, கையும் வராது."

"அப்போ எனக்க பாடம்?"

"நான் ஊத்திக்கிட்டேதான் இருப்பேன்."

மறுபடி ஊற்றினார். அந்தக் காப்பியைத் தாணுலிங்கம் அவசரமில்லாமல் குடித்தார். அடியில் தங்கியிருந்த பொடிவரை குடித்தார். பிறகு கோப்பையை நீட்டினார். அது அவர் விரல்களுக்கிடையில் இப்படியும் அப்படியும் ஆடியது.

சாமி கூஜாவைக் கீழே வைத்தார்.

தாணுலிங்கம் போனை எடுத்தார். "மக்களே, ராத்திரிக்கு எனக்கும் சேத்து அரிசி போடு" என்றார்.  அந்தப் பக்கமிருந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேசைக்கடியில் குனிந்து சாமியின் பையை மட்டும் வெளியே எடுத்து வைத்தார்.

"ஒரு சந்தேகம் சாமி."

"கேளுங்க."

"நான் கோப்பையை ஆட்டினேனா, இல்ல கைதான் நடுங்குச்சான்னு எனக்கே தெரியல."

மேசையில் சிந்திக் கிடந்த காப்பியைச் சாமி தம் துண்டால் துடைத்தார்.

"ஊத்தும்போது எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி" என்றார்.