மொச்சை உட்கார்ந்த கதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொத்தளபுரி என்ற நாட்டை இடிமுழக்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் இடி. குணமோ ஆடி மாதத்துக் காற்று. காலையில் கிழக்கே அடிக்கும், மாலையில் மேற்கே அடிக்கும்.

ஒருநாள் ராஜா மீசைக்குப் புதிதாக மை பூசிக்கொண்டு நகர்வலம் போனார். தெருநாய் ஒன்று, “யாருடா இது?” என்கிற மாதிரி “லொள்” என்றது. அவ்வளவுதான்!

“என்னைப் பார்த்தா? என் மீசையைப் பார்த்தா?” என்று ராஜா குதித்தார்.

கோட்டைக் காவல் தலைவர் சண்டமாருதர் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். அவருக்குத் தொண்டையில் முரசு. “பிரபோ! கீழ்ப்படியாத நாய் நாட்டுக்கே கேடு. மூன்றே கட்டளை. உட்கார்! படு! நில்! தேறாத நாயை ஆற்றின் அக்கரைக்கு விரட்டுவோம். என் பராக்கிரமனைப் பாருங்கள்!”

பராக்கிரமன் அவருடைய நாய். “உட்கார்” என்றார், உட்கார்ந்தது. “படு” என்றார், படுத்தது. “நில்” என்றார், தூண் மாதிரி நின்றது. கூட்டமே கைதட்டியது. அமைச்சர் தேனூரார் மட்டும் தட்டவில்லை. நாயின் கண் சண்டமாருதரின் முகத்தில் இல்லை, இடுப்பு மடியில் இருந்தது. அந்த மடியை நோக்கி எறும்பு வரிசை ஒன்றும் ஏறிக்கொண்டிருந்தது.

ராஜா தலையாட்ட, தண்டோரா போட்டார்கள். நாய்கள் வந்தன, தோற்றன, படகேறின. மூன்றாம் நாள் வாத்துக்காரி சடைச்சி தன் புள்ளிநாய் மொச்சையோடு சபைக்கு வந்தாள்.

“உட்கார்!” என்றார் சண்டமாருதர். மொச்சை காதைச் சொறிந்தது.

“படு!” மொச்சை சுற்றிலும் பார்த்தது. சபையில் பிரபுக்கள் பத்துப் பேர் அங்கொருவர் இங்கொருவராக நின்றார்கள். அதற்கு அது பொறுக்கவில்லை. ஓடிப்போய் இவர் காலை முட்டி, அவர் அங்கவஸ்திரத்தை இழுத்து, பத்துப் பேரையும் ஒரே மூலையில் வாத்துக்கூட்டமாகச் சேர்த்து நிறுத்திவிட்டது.

“தோல்வி! அக்கரைக்கு அனுப்பு!” என்று முரசு முழங்கியது.

சடைச்சி தரையில் விழுந்தாள். “மகாராசா, முந்நூறு வாத்துங்க. நரி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் இதுதானுங்க கரை சேர்க்குது. இது போச்சுன்னா நானும் பொழப்பத்துப் போயிருவேனுங்க.”

தேனூரார் மெல்ல எழுந்தார். “அரசே, இந்தச் சோதனையில் பாதிதான் தெரிகிறது. நாளைக்கு நான் ஒரு சோதனை வைக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.”

“அமைச்சருக்கு நாய் பாஷையும் தெரியுமோ?” என்று சண்டமாருதர் இளித்தார். “தோற்றால்?”

“என் பதவி உங்களுக்கு.”

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம். “ஆகட்டும்!” என்றார். அன்று மாலை அமைச்சர் ராஜாவின் காதில் ஏதோ சொல்ல, ராஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் முற்றத்தில் ஊரே கூடியது. ராஜா கிரீடத்தைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு, “மீசைக்கு மை காயவில்லை, இதோ வருகிறேன்” என்று உள்ளே போனார்.

அமைச்சர் கட்டளை எதுவும் போடவில்லை. கண்ணைக் காட்டினார். ஒரு தாம்பாளம் கல்தரையில் ‘டமார்’ என்று விழுந்தது. பராக்கிரமன் முக்காலிக்கு அடியில் புகுந்தது. மொச்சை துள்ளி விலகி, பிறகு திரும்பிவந்து தாம்பாளத்தை மோந்து பார்த்து, “இவ்வளவுதானா?” என்பது போலத் தும்மியது. அடுத்து வெண்கொற்றக்குடை ‘படக்’ என்று விரிந்தது. பராக்கிரமன் குடைக்காரனின் வேட்டியைக் கிழித்தது. மொச்சை ஒரு தடவை குரைத்துவிட்டு, குடை நிழலில் போய் நின்றுகொண்டது.

அப்போது தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்த ஓர் ஆள் பாய்ந்து வந்து கிரீடத்தைத் தூக்கினான்!

“பராக்கிரமா! பிடி!” என்று அலறினார் சண்டமாருதர். அது முழித்தது. அந்தச் சொல்லை அவர் கற்றுக்கொடுத்ததே இல்லையே! கம்பளிக்காரன் ஓர் அதிரசத்தை வீசி, “படு” என்றான். பராக்கிரமன் அழகாகப் படுத்து, ருசித்துத் தின்றது. சண்டமாருதரோ ஒரே தாவில் தூணுக்குப் பின்னால்!

மொச்சை தனக்கு வீசிய இன்னோர் அதிரசத்தைத் தாண்டி ஓடியது. கடிக்கவில்லை. ஆளை இப்படி மறித்து, அப்படி முட்டி, பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து முக்காலி முன்னால் நிறுத்தியது. கம்பளி நழுவியது.

உள்ளே ராஜா! மீசை மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

“தேனூராரே, என்னையே வாத்தாக்கிவிட்டதே இது!” என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அரசே, அவர் சோதனை நம் சொல்லை நாய் கேட்குமா என்று காட்டியது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் சொல்ல ஆளில்லாதபோது, பயம் வரும்போது நாய் என்ன செய்யும் என்பதை என் சோதனை காட்டியது. மடியில் அதிரசம் இருக்கும்வரைதான் முதலாவது செல்லும்.”

எல்லோரும் சண்டமாருதரின் மடியைப் பார்த்தார்கள். எறும்புகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

“இரண்டாவது சோதனையில் நாய் மட்டுமா தோற்றது?” என்று ராஜா தூணைப் பார்த்துக் கேட்டார். “கிரீடம் போனால் தூணைக் கட்டிக்கொள்கிறவருக்கு எதற்குக் கோட்டைக் காவல்? தேனூராரே, என் முத்துமாலை உமக்கு. சடைச்சி, உன் மொச்சை உனக்கே. படகை அனுப்புங்கள், அக்கரை நாய்களெல்லாம் இன்றே வீடு திரும்பட்டும். பராக்கிரமன் மேல் தப்பில்லை, மொச்சையோடு பழகித் தைரியம் கற்கட்டும். சண்டமாருதரே, ஒரு மாதம் நீர் சடைச்சியின் வாத்துகளை மேய்த்து வாரும்!”

மறுநாள் வயலில் முழங்கால் சேற்றில் நின்று சண்டமாருதர் முழங்கினார்: “உட்கார்!”

முந்நூறு வாத்துகளும் முந்நூறு பக்கம் போயின.

“உட்கா...ர்!” முரசு கிழிந்து கீச்சென்றது.

சடைச்சி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வரப்பில் நின்றிருந்த மொச்சை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பாவம் என்று தோன்றியதோ என்னவோ, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, கட்டளை கேட்டுப் பொத்தென்று உட்கார்ந்தது.