கழுத்தில் ஒரு மூட்டு

வர்ரேனியஸ் ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தியாகிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தன் புகழ் நிலைக்குமா என்ற கவலை வந்துவிட்டது. சந்தை மைதானத்தில் தனக்கொரு பளிங்குச் சிலை வேண்டும், அது ஆயிரம் வருடம் நிற்க வேண்டும், நிற்குமென்று தனக்கு நம்பிக்கை வராவிட்டால் செய்தவன் தலை போகும் என்று உத்தரவிட்டார். பெரிய சிற்பிகளெல்லாம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்கள். கல்லுக்கு மெருகு போடும் அடிமை ட்ரோமோதான் சிக்கினான்.

திறப்பு நாளன்று சக்கரவர்த்தி சிலையை உற்றுப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு ஓடியது.

“என்னடா இது, விரிசலா?”

“மூட்டு, பிரபு. தலை தனி, உடம்பு தனி. கழற்றி மாட்டலாம்.”

“என் தலையை எவன் கழற்றுவான்?”

“உங்களுக்கு அடுத்து வருகிறவர். போன வருடம் நீங்கள் சொல்லித்தானே பழைய சக்கரவர்த்தியின் சிலைகளிலிருந்து தலைகளை எடுத்துவிட்டு உங்கள் தலையை மாட்டினோம்? மூட்டு இருந்த சிலைகளில் உடம்பாவது தப்பித்தது. ஒரே கல்லில் செய்தவற்றைச் சம்மட்டியால் உடைத்தோம். ஆயிரம் வருடம் நிற்க வேறு வழி இல்லை, பிரபு.”

கூட்டத்தில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். சிலை நிற்காது என்று சொல்லச் சக்கரவர்த்தியால் முடியவில்லை. அதனால் ட்ரோமோவின் தலையையும் கேட்க முடியவில்லை.

“சரி, கழற்றின தலைகளை என்னடா செய்தீர்கள்?”

“சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், பிரபு. உங்கள் புதுக் குளியலறைச் சுவரில் பூசியிருக்கிறது.”

சக்கரவர்த்தி ட்ரோமோவை விட்டுவிட்டார். ஒரு வாரம் குளிக்கவில்லை.